கீழ்மதிலுக்கு வெளியே

முதலாம் மணி அடித்து ஓய்ந்து, அதன் ரீங்காரம் பனங்காட்டைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தபோதே ஞானவடிவு அந்தக் கல்லைப் பார்த்துவிட்டாள். பார்க்காமல் இருந்திருக்கலாம். ஆறுதல்புரத்து ஆலயத்தின் நூற்றைம்பதாம் பிரதிஷ்டைப் பண்டிகையன்று பார்ப்பதற்கு வேறு எத்தனையோ இருந்தன. வாசலில் குலை தள்ளிய வாழைகள், கோபுரத்திலிருந்து நான்கு பக்கமும் இழுத்துக் கட்டிய வண்ணத்தாள் தோரணம், பேராயரை வரவேற்கும் பதாகை, அதன் அடியில் பொடி எழுத்தில் ‘சபை வரலாறு வாசிப்பவர்: ஓய்வுபெற்ற தலைமையாசிரியை ஞானவடிவு ஜீவரத்தினம்’ என்று அவள் பெயர். கண் இவை எல்லாவற்றையும் விட்டுவிட்டு மணிக்கூண்டின் தாழ்ந்த கதவுக்குப் போயிற்று. கதவு காற்றில் அடித்துக்கொள்ளாதபடி யாரோ ஒரு கல்லை முட்டுக்கொடுத்திருந்தார்கள். கறுத்து நீண்டு, நடுவில் சற்றே பருத்து, இரு முனையும் தேய்ந்த கல். ஒரு முனையில் நகத்தளவு சில்லு பெயர்ந்த வடு. “இது ஏது கல், எலியேசர்?” என்று கேட்டதும் அவள்தான். கேட்காமலாவது இருந்திருக்கலாம். எலியேசர் கோயில் குட்டியார். மணி அடிப்பதும் ஆலயம் பெருக்குவதும் குழி வெட்டுவதும் மூன்று தலைமுறையாக அவர் குடும்பத்து ஊழியம். மணிக்கயிற்றை ஆணியில் சுற்றியபடியே, “அதுவா டீச்சர்? பிஷப் ஐயா அடிக்கல் நாட்டக் கீழ்ப்பக்கம் குழி தோண்டுனோம்லா, அதுல கெடந்தது. யாரு வீட்டு அம்மிக்குழவியோ. நல்ல கல்லு, தூரப் போட மனசு வரல” என்றார். “எவ்வளவு ஆழத்தில்?” “ரெண்டு அடி இருக்கும். தேரி மணலுதான, காத்துல ஏறி ஏறி மூடியிருக்கும். என்ன டீச்சர், இதையும் வரலாத்துல சேக்கப் போறியளா?” அவர் சிரித்தார். தானும் சிரித்ததாகத்தான் அவளுக்கு நினைவு. சிரித்துவிட்டு, செருப்பை வழக்கம்போல் இடமிருந்து வலமாக ஒழுங்காகக் கழற்றி வைத்துவிட்டு, உள்ளே போய்ப் பெண்கள் பக்கத்து மூன்றாம் பெஞ்சில், நாற்பது ஆண்டாகத் தன் இடமான சுவரோரத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

அம்மிக்குழவிகள் எல்லாம் ஒன்று போலத்தான் இருக்கும். தேயாத குழவி உண்டா, சில்லு பெயராத குழவி உண்டா, ஊரில் எத்தனை வீடு, எத்தனை அம்மி. இப்படிக் கேட்டுக்கொண்டே போனால் அந்தக் கல் யாருடையதாகவும் ஆகிவிடும். ஆனால் அந்தச் சில்லு அவள் பெயர்த்தது. மணமாகி வந்த நான்காம் நாள் கைநழுவிக் குழவி கல்தரையில் விழுந்தது. மாமியார் எட்டிப் பார்த்து, “டீச்சருக்கு அரைக்கத் தெரியாட்டாலும் ஒடைக்கத் தெரியுது” என்று சொல்லிவிட்டுப் போனாள். அன்று முதல் அரைக்கும் போதெல்லாம் அவள் வலக்கைப் பெருவிரல் அந்தப் பள்ளத்தில் போய் அமரும். இப்போதும் பெருவிரல் கைப்பையின் தோலை அழுத்தித் தேய்த்துக்கொண்டிருப்பதை அவள் கண்டாள். கையை எடுத்து மடியில் வைத்தாள். அது மறுபடியும் போயிற்று. பைக்குள் நான்கு தாள்கள், வரி விட்டு வரி, அவள் கையெழுத்தில். ஒன்பது மணிக்கு மூன்றாம் மணி. பவனி வரும், பாட்டு, ஜெபம், அதன்பின் வரலாறு. முடிவில் ஆசீர்வாதம் கூறியதும் பேராயர் நேரே கீழ்ப்புறம் நடந்து சென்று, பண்டிகை விருந்து பரிமாறப்போகும் அசனக் கூடத்துக்கு அடிக்கல் நாட்டுவார். சுவர்க்கடிகாரத்தில் எட்டு ஏழு.

நான்கு தாள்களையும் அவள் மனனமாகவே சொல்வாள். பனையோலை வேய்ந்த ஜெபவீட்டில் பதினேழு பேர் கூடியது, மரக்கலத்திலிருந்து இறங்கிய மிஷனரி வாலிஸ் ஐயர் மாட்டு வண்டியில் தேரியின் செம்மணலைக் கடக்க முடியாமல் கால்நடையாக வந்தது, உடைத்து விற்கப்பட்ட ஒரு கப்பலின் மணியை அவர் ஊருக்கு வாங்கித் தந்தது. ஆலயம் எழும்பும் முன்பே கல்லறைத் தோட்டம் உண்டாகிவிட்டது. கொள்ளைநோய் வந்த ஆண்டு அது. முதற்கல்லறை வாலிஸ் ஐயரின் மனைவிக்கு, வயது இருபத்துநான்கு. பிறகு நரிக்கும் மணலுக்கும் அஞ்சி அதைச் சுற்றி மதில் கட்டினார்கள். குடும்பத்துக்கு ஒரு கோல் நீளம், அவரவர் கல்லும் சுண்ணாம்பும் அவரவர் கையும். இன்றைக்கும் ஊரில் பெண் கேட்டு வருகிறவர்கள் மதிலில் உங்கள் கோல் எது என்று விசாரிப்பதுண்டு. கீழ்மதிலின் நடுக்கோல் ஞானவடிவின் பூட்டனார் கட்டியது. நூற்றைம்பது ஆண்டில் ஒரு கல் அசையவில்லை. இதை அவள் மூன்றாம் தாளில் எழுதியிருக்கிறாள், அடக்கமாக, ஒரே வாக்கியத்தில், ஆனால் பூட்டனாரின் பெயரைச் சொல்லி. அதற்கு அடுத்த வாக்கியம், ‘அம்மதிலுக்குக் கீழ்ப்புறம் ஆலயத்துக்குச் சொந்தமான நாற்பது சென்ட் வெற்று நிலம் உள்ளது.’ பிழையில்லாத வாக்கியம். எழுவாய் இருக்கிறது, பயனிலை இருக்கிறது. அந்த வாக்கியத்தை மூன்று மாதத்துக்கு முன் எழுதி முடித்தவுடன் எழுந்து போய் இரண்டு செம்பு தண்ணீர் குடித்தது அவளுக்கு நினைவிருக்கிறது. தாகம் என்றுதான் அப்போது நினைத்தாள்.

“என்ன மதினி, மூஞ்சி இப்பிடி வேத்துக்கிடக்கு? ஃபேனுக்கடியில உக்காந்துக்கிட்டு?” ரத்தினபாய் பெஞ்சில் இடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். மறைந்த கணவர் ஜீவரத்தினத்தின் தங்கை, பருத்த உடம்பும் அதைவிடப் பருத்த குரலுமாக எந்த ஆராதனையிலும் முதல் ஜெபத்துக்கு முன்பே ஊர்க்கதை முழுவதையும் பேசித் தீர்த்துவிடுகிறவள். பட்டுச்சேலையில் மல்லிகையும் சாம்பிராணித் தைலமும் கலந்த மணம். “நாலு தாளா? ஐயோ மதினி, நீங்க வாசிச்சு முடிக்கதுக்குள்ள அசனச் சோறு ஆறிப் பச்சத்தண்ணியாப் போயிரும். போன வருசம் கறி உப்புக் கரிச்சுது, இந்த வருசம் என்ன கதியோ.” “மெதுவாகப் பேசு, ரத்தினம்.” “ஆண்டவருக்கு நான் பேசுறது பழகிப்போச்சு.” ஞானவடிவு பதில் சொல்ல வாயெடுத்தாள், வந்தது வேறொன்று. “உங்கள் அம்மாவின் அம்மிக்குழவி காணாமல் போயிற்றே, நினைவிருக்கிறதா?” ரத்தினபாய் விசிறியை நிறுத்தினாள். “அது எதுக்கு இப்ப? அய்யோ, அந்தக் குழவிக்காக எங்கம்மா அடுத்த வீட்டுச் சவுந்தரத்தச் சந்தேகப்பட்டு ஒரு வருசம் மொகங்குடுத்துப் பேசலையே! அண்ணன்தான் சந்தையிலருந்து புதுசு வாங்கியாந்தான். அது ஒருநாளாவது ஒழுங்கா அரைச்சுதா? உருண்டுக்கிட்டே கெடந்துச்சு. அந்த வருசம் பண்டியலுக்கு முந்துன நாளுதான காணாமப் போச்சு, நம்ம...” அதோடு அவள் குரல் தேய்ந்தது. அவள் குரல் தேய்ந்து ஞானவடிவு கேட்டதில்லை. ரத்தினபாய் விசிறியை மறுபடி எடுத்து, தனக்கு விசிறாமல், மதினியின் பக்கம் விசிறத் தொடங்கினாள்.

நம்ம என்று நிறுத்தினாள். அதற்கு மேல் அவளுக்குச் சொல் இல்லை, யாருக்குமே இருந்ததில்லை, பெயரிடாத ஒன்றை என்ன சொல்லிக் குறிப்பிடுவது. நாற்பத்தெட்டு ஆண்டில் அந்த வீட்டில் யாரும் ‘பிள்ளை’ என்றுகூடச் சொன்னதில்லை. ‘அந்தச் சமயம்’ என்பார்கள், ‘அந்த வருசம்’ என்பார்கள். பண்டிகைக்கு முந்தின நாள் சாயங்காலம், ஜீவரத்தினம் ஓலைப்பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு முற்றத்தில் இறங்கிப் போனார். தோளில் கிடந்த துண்டு ஒரு பக்கமாகக் கனத்துத் தொங்கியது. இவ்வளவையும் அவள் படுக்கையிலிருந்து சன்னல் வழியாகப் பார்த்தாள். துண்டு ஏன் கனத்தது என்று அன்றைக்குக் கேட்கத் தோன்றவில்லை. இன்றைக்குக் காலை எட்டு மணிக்கு விடை கிடைத்தது. கேள்வி இப்போதுதான் வருகிறது. துண்டில் முடிந்து கொண்டுபோய்க் குழிமேல் அடையாளம் வைக்க அவருக்கு வேறு கல்லா கிடைக்கவில்லை, தேரிக்குப் போகிற வழியெல்லாம் கல்தானே, ஏன் வீட்டுக் குழவி? ஏனென்றால் வழிக்கல்லை எவனும் புரட்டிப்போட்டுவிடுவான். ஏனென்றால் அந்தக் கல்லை அவள் தொட்டிருக்கிறாள். ஏனென்றால் அவர் பேசத் தெரியாத மனிதர். ஒவ்வோர் ஆண்டும் உயிர்த்தெழுந்த ஞாயிறன்று விடியற்காலை கல்லறைத் தோட்டத்தில் மெழுகுவத்தி ஏற்றி எல்லாரும் தத்தம் கல்லறையைப் பார்த்து நிற்க, அவர் மட்டும் கீழ்மதிலில் இரண்டு கையையும் ஊன்றி வெளியே பார்த்து நிற்பார். சூரியன் உதிப்பதைப் பார்க்கிறார் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். முப்பத்தைந்து ஆண்டு அப்படி நினைத்துக்கொண்டிருந்தாள். தமிழ்ப் பாடத்தில் ஒரு பிள்ளை ஒற்றை விட்டால் தாளின் மறுபக்கத்திலிருந்தே கண்டுபிடிக்கிறவள்.

“டீச்சர், ஸ்தோத்திரம்!” சபைச் செயலர் ஆமோஸ் குனிந்து கும்பிட்டார். கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை, பையில் மூன்று பேனா, ஐந்தாம் வகுப்பில் இருந்த அதே பரபரப்பு. “ஏழு நிமிசம் ஒதுக்கியிருக்கு டீச்சர். பிஷப் ஐயா பதினோரு மணிக்கு அடுத்த சேகரத்துல இருக்கணுமாம்.” “நான் எழுதியது பன்னிரண்டு நிமிடம், ஆமோஸ்.” “நீங்க வேகமா வாசிச்சா ஏழுல முடிஞ்சிரும். எங்கள எல்லாம் வாசிக்க வச்ச ஆள்லா நீங்க!” பிறகு குரலைத் தாழ்த்தி, முகம் மலர, “டீச்சர், உங்களுக்குத்தான் நன்றி சொல்லணும். பண்டியல் மலர்ல முப்பத்தோராம் பக்கத்துல ‘வெற்று நிலம்’னு நீங்க எழுதியிருந்தியள்லா, அந்தப் பக்கத்தத்தான் நகலெடுத்துச் சொத்துக் கமிட்டிக்கு வச்சோம். டீச்சரே எழுதிட்டாங்கன்னா அப்பீல் ஏது! ஒரே கூட்டத்துல அனுமதி. அசனம் இனிமே வெயில்ல இல்ல, ஐந்நூறு பேர் ஒரே பந்தி.” அவர் கைகளை அகல விரித்துக் காட்டினார். “ஆமோஸ், குழியை எந்த இடத்தில் தோண்டினீர்கள்?” “கீழ்மதிலுக்கு நேரா நடுவுல டீச்சர், ஒங்க பூட்டனார் கோலுக்கு எதுத்தாப்புல. ரிப்பன்லாம் கட்டியாச்சு. பெருமைதான ஒங்களுக்கு?” அவர் போய்விட்டார். ரத்தினபாய் விசிறிக்கொண்டே இருந்தாள். அவள் எதையும் கேட்கவில்லை என்பது, எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள் என்பதற்கு அடையாளம்.

அவளிடம் அடக்கப் பதிவேடு இருந்தது, மூன்று மாதம், வீட்டு மேசையில், உறை போட்டு. முன்பக்கத்திலிருந்து எண்ணூறுக்கு மேற்பட்ட அடக்கங்கள், பெயர், வயது, தேதி, குருவின் ஒப்பம். புத்தகத்தைத் தலைகீழாகத் திருப்பினால் பின்பக்கத்திலிருந்து வேறொரு வரிசை தொடங்கும். தலைப்பில் ‘வெளியே’ என்ற ஒரே சொல். தூக்கிட்டுக்கொண்ட பனையேறி ஒருவர். சபையை விட்டு விலக்கப்பட்டு, திரும்பி வந்து மன்னிப்புக் கேட்கும் முன் இறந்த ஒரு பெண். மற்றதெல்லாம் ஞானஸ்நானம் பெறாத குழந்தைகள். மொத்தம் இருபத்துமூன்று. இவர்களுக்கு அடக்க ஆராதனை இல்லை, மதிலுக்குள் இடம் இல்லை, மணி இல்லை. முப்பது ஆண்டுக்கு முன் ஓர் இளம் குருவானவர் வந்து இனி அந்தப் பேதம் வேண்டாம் என்று நிறுத்தினார். அத்தோடு வெளியே போவது நின்றது, வெளியே போனவர்களை எண்ணுவதும் நின்றது. இருபதாம் பதிவு அவள் தகப்பனாரின் கையெழுத்து. குருவுக்கு அடுத்தபடி சபையைக் கவனித்த உபதேசியார் ஞானாபரணம், எழுத்து ஒவ்வொன்றும் நூல் பிடித்தாற்போல் நிற்கும். ‘ஜீவரத்தினம், ஞானவடிவு இவர்களின் பெண் குழந்தை. பதினொரு நாள். ஞானஸ்நானம் இல்லை. பெயர் இல்லை.’ மையில் ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை. அப்பா அழுதாரா? எழுதும்போது கண்ணாடியைக் கழற்றினாரா? அவள் அந்தப் பக்கத்தை மூடி, புத்தகத்தை நேராகத் திருப்பி வைத்தாள். என் பொருள் ஆலயமும் அதன் மதிலுக்குட்பட்ட கல்லறைத் தோட்டமும், மற்றவை பொருளுக்குப் புறம்பு என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்; மாணவிகளுக்குக் கட்டுரை எழுதக் கற்பித்தபோது சொன்ன அதே வாக்கியம். இருபத்துமூன்று பேரைச் சொன்னால் இருபதாமவளைச் சொல்ல வேண்டும். இருபதாமவளைச் சொன்னால் ஒன்பதாம் நாளைச் சொல்ல வேண்டும்.

இரண்டாம் மணி. எட்டரை. கப்பல் மணிக்கு ஒரு கீறல் உண்டு. ஒவ்வோர் அடியின் முடிவிலும் ஒரு கரகரப்பு, சளி கட்டிய தொண்டை போல. ஆராதனை மணி துரிதமாக, ஒன்றன்மேல் ஒன்று விழுகிறாற்போல் அடிக்கும். துக்கமணி அப்படியல்ல. வயதுக்கு ஓரடி, ஓர் அடிக்கும் அடுத்ததற்கும் நடுவே பரமண்டல ஜெபத்தில் பாதி சொல்லலாம். கேட்டவுடன் ஊர் அப்படியே நிற்கும். சந்தையில் தராசைப் பிடித்த கை நிற்கும், கிணற்றடியில் கயிறு நிற்கும், உதடுகள் மட்டும் எண்ணும். எழுபதுக்கு மேல் போனால் பெருமூச்சு விட்டு வேலைக்குத் திரும்புவார்கள். இருபதில் நின்றுவிட்டால் ஓடுவார்கள். ஒரு வயது நிரம்பாத பிள்ளையாக இருந்தாலும், ஞானஸ்நானம் பெற்றிருந்தால், மந்தையைச் சேர்ந்தது என்பதால் ஓரடி உண்டு. அப்புறம் செயலர் பேனாவோடு வீடு தேடி வந்து மூன்று கேள்வி கேட்பார்: யார், என்ன வயது, குழி எங்கே. ஜீவரத்தினத்துக்கு அறுபத்தைந்து அடித்தார்கள். அவள் தவறாமல் எண்ணினாள். அப்பாவுக்கு எண்பத்தொன்று. தனக்கு இப்போது அடித்தால் எழுபத்துநான்கு. மணி நின்றுவிட்டது, கரகரப்பு மட்டும் பெஞ்சின் மரத்தில் மிச்சமிருந்தது, அந்த மரத்தில் அவள் முழங்கை இருந்தது.

ஒன்பதாம் நாள் மாலை. பிள்ளைக்குச் சுரம். பகலெல்லாம் குடித்த பால் நிற்கவில்லை. அப்பா தலைமாட்டில் நின்றார். கையில் வெள்ளைப் பீங்கான் கிண்ணம், அதில் தண்ணீர். அவசரத்துக்கு உபதேசியார் ஞானஸ்நானம் கொடுக்கலாம், ஏன், விசுவாசிகள் யாரும் கொடுக்கலாம், அவளே கொடுக்கலாம், சட்டம் அவளுக்குத் தெரியும், ஞாயிறு பள்ளியில் அதைப் பாடமாகவே நடத்தியிருக்கிறாள். “அம்மா வடிவு, நான் தண்ணி ஊத்திரட்டுமா?” என்றார் அப்பா. அவள், “இன்னும் மூன்று நாள்தானே அப்பா, பண்டிகைக்குப் பிஷப் வருகிறாரே, அவர் கையால் வாங்கலாம், பொறுங்கள்” என்றாள். அந்தச் சொற்களை இதுவரை எத்தனை முறை திருப்பிச் சொல்லிப் பார்த்திருப்பாள். அது பெருமையா? பெருமைதான். சரிகை வைத்துத் தானே தைத்த அங்கி அலமாரியில் இருந்தது. பேராயர் கையில் பிள்ளையை ஏந்திப் பெயரைக் கூவும்போது முன்வரிசையில் யார் யார் திரும்பிப் பார்ப்பார்கள் என்றுகூட அவள் எண்ணி வைத்திருந்தாள். அல்லது பயமா? கிண்ணத்துத் தண்ணீரைச் சாகப்போகிற பிள்ளைக்குத்தான் ஊற்றுவார்கள், ஊற்றவிட்டால் சாகும் என்று ஒப்புக்கொண்டதாகும், ஒப்புக்கொள்ளாவிட்டால் சாகாது. பயம் என்று வைத்துக்கொண்டால் மன்னிக்கலாம்போல் இருக்கிறது. பெருமை என்று வைத்துக்கொண்டால் இல்லை. ஆகவே பயம் என்று தீர்ப்புச் சொல்வாள். சொன்னவுடன் அலமாரிக்குள் சரிகை மின்னும். அப்பா கிண்ணத்தை எடுத்துப்போய் முற்றத்து முருங்கைக்கு ஊற்றினார். பதினோராம் நாள், பண்டிகைக்கு முந்தின நாள், பகலில், மடியிலேயே. மறுநாள் இதே மணி இதே மூன்று முறை அடித்தது. பேராயர் வந்தார். அவள் பால் கட்டிய மார்போடு சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். மதியம் யாரோ அசனச் சோறு கொண்டுவந்து வைத்தார்கள், கறி மிதக்க. அவள் சாப்பிட்டாள். அதுதான். எவரிடமும் சொல்லாதது அதுதான். எழுந்து உட்கார்ந்து, இலையை வழித்து, முழுவதும் சாப்பிட்டாள், பசித்தது.

அதன்பின் பிள்ளை தரிக்கவில்லை. பள்ளிக்கூடம் இருந்தது. இரண்டாயிரம் பிள்ளைகளின் பெயரை வருகைப் பதிவேட்டில் எழுதினாள், பெயர் சொல்லிக் கூப்பிட்டாள், பெயருக்கு நேரே குறியிட்டாள். இப்போது கடிகாரத்தில் எட்டு ஐம்பது. ஆலயம் நிறைந்துவிட்டது. பட்டும் பவுடரும் வியர்வையும், ஆர்மோனியத்தின் மேல் யாரோ ஒரே கட்டையை அழுத்தி அழுத்திப் பார்க்கும் ஒலி. ஏழு நிமிடத்தில் வாசித்துவிடலாம். அந்த வாக்கியத்தை மட்டும் விழுங்கிவிட்டு அடுத்ததற்குத் தாவினால் யாருக்குத் தெரியும்? ஆனால் அது முப்பத்தோராம் பக்கத்தில் அச்சாகிவிட்டது. அவள் விழுங்கினாலும் விழுங்காவிட்டாலும் பத்தரை மணிக்குப் பேராயர் வெள்ளிக் கரண்டியில் சாந்து எடுத்து வைப்பார். அப்புறம் அடித்தளம், அப்புறம் தரை, தரைமேல் ஐந்நூறு பேருக்கு ஒரே பந்தி. ஆண்டுதோறும் இதே நாளில் அங்கே இலை போடுவார்கள். அவளும் உட்காருவாள், மூத்தவள் என்று முதற்பந்தியில் உட்காரவைப்பார்கள், ரத்தினபாய் பக்கத்தில் இருந்துகொண்டு உப்புக் கரிக்கிறது என்பாள். சாப்பிட முடியுமா? முடியும். அதுதான் பயம். முடியும் என்று அவளுக்குத் தெரியும், ஒருமுறை சாப்பிட்டிருக்கிறாளே. ஆராதனை முடிந்தபின் ஆமோசைத் தனியே கூப்பிட்டுச் சொல்லலாம். தனியே சொன்னால் ஆமோஸ் தலையைச் சொறிந்து, டீச்சர், அம்பது வருசத்துக் கதை, எலும்புகூட மிச்சமிருக்காது, பேசாம ஒரு ஜெபம் பண்ணிருவோம் என்பார். ஜெபம் பண்ணுவார்கள். மேடையேறி, வாசித்து நிறுத்தி, இது பிழை என்று சொல்லலாம். சொன்னால் என்ன சொல்வார்கள்? டீச்சருக்கு வயசாயிட்டு என்பார்கள், பிள்ளையில்லாத மனுஷி என்பார்கள். இரக்கப்பட்டு இறக்கிக் கூட்டிப்போவார்கள். பேச்சுக்கு மறுபேச்சு உண்டு. எதற்கு மறுபேச்சில்லை இந்த ஊரில்? பெருவிரல் தோலைத் தேய்த்துக்கொண்டே இருந்தது.

அவள் எழுந்தாள். “எங்க மதினி, ஐயர் வர்ற நேரத்துல?” என்றாள் ரத்தினபாய், பிறகு அவள் முகத்தைப் பார்த்துக் காலை மடக்கி வழிவிட்டாள். “தாள வச்சிட்டுப் போறீங்களே.” “இருக்கட்டும்.” நடைபாதையில் எதிர்ப்பட்டவர்கள் எல்லாரும் கும்பிட்டார்கள், அவளிடம் படித்தவர்கள், படித்தவர்களின் பிள்ளைகள். வெளியே வெயில் முகத்தில் அறைந்தது. மேற்கு வாசலில் பாடகர் குழு வரிசை கட்டிக்கொண்டிருக்க, நடுவில் பேராயரின் செவ்வங்கி தெரிந்தது. மணிக்கூண்டில் எலியேசர் கயிற்றை அவிழ்த்துக் கையில் உமிழ்ந்து தேய்த்துக்கொண்டிருந்தார். “எலியேசர், கயிற்றைக் கொஞ்சம் கொடு.” “டீச்சர், மூணாம் மணி நேரமாச்சு. பிஷப் ஐயா அங்கி போட்டாச்சு.” “தெரியும்.” “ஒங்களுக்கு வராது டீச்சர். கை பொத்துரும்.” “உன் அப்பாதான் அன்றைக்கு என் வீட்டுக்காரரோடு மண்வெட்டி எடுத்துக்கொண்டு கீழ்ப்புறம் போனார். உன்னிடம் எப்போதாவது சொன்னாரா?” எலியேசர் அவளைப் பார்த்தார், காலடியில் கதவுக்கு முட்டுக்கொடுத்திருந்த கல்லைப் பார்த்தார், மறுபடி அவளைப் பார்த்தார். அவர் தகப்பன் எதையோ சொல்லியிருக்க வேண்டும், எந்த இடம் என்று சொல்லாமல். தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்தார். கயிற்றைக் கொடுத்தார்.

கயிறு அவள் நினைத்ததைவிடத் தடிப்பாக, வியர்வையில் வழவழத்து, உயிருள்ளது போல் இருந்தது. முதல் இழுப்பில் மேலே ஒன்றும் நடக்கவில்லை. ஏதோ ஓரிடத்தில் மரம் முனகியது. இரண்டாம் இழுப்பில் உடம்பு முழுவதையும் தொங்கவிட்டாள், முழங்காலும் முதுகும் எழுபத்துநான்கு ஆண்டும். மணி அடித்தது. ஒன்று. கயிறு உள்ளங்கையை எரித்துக்கொண்டு மேலேறியது; அவள் அதைப் பிடித்து நிறுத்திவிட்டாள். கரகரப்பு தேரியின் மேல் போய்த் தேய்ந்தது. அடுத்ததை யாரும் கேட்கவில்லை, ஏனென்றால் அடுத்தது இல்லை. மூன்றாம் மணி என்று நினைத்துப் புத்தகத்தைத் திறந்தவர்கள் திறந்தபடி நின்றார்கள். ஆர்மோனியத்தின் ஒற்றைக் கட்டை ஓய்ந்தது. ஆலயத்துக்கு உள்ளேயும் வெளியேயும் அசன அடுப்படியிலும் உதடுகள் ஒன்று என்று சொல்லிவிட்டு இரண்டுக்காகக் காத்திருந்தன. பரமண்டல ஜெபத்தில் பாதி சொல்லும் நேரம் ஆயிற்று. முழுவதும் சொல்லும் நேரமும் ஆயிற்று. கரண்டியோடு ஒரு பெண் அடுப்படியிலிருந்து எழுந்து நின்றாள். யார் வீட்டுப் பிள்ளை என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

ஆமோஸ் ஓடிவந்தார், பழக்கம் அவரை முந்திக்கொண்டது, நிகழ்ச்சித்தாளைத் திருப்பிப் பிடித்துப் பேனாவின் மூடியைப் பல்லால் கழற்றியிருந்தார். “யாரு டீச்சர்? எந்த வீட்டுல?”

“என் வீட்டில்தான், ஆமோஸ். எழுதிக்கொள். அருள்வடிவு. ஜீவரத்தினத்தின் மகள்.” அந்தப் பெயரை அவள் வாய்விட்டுச் சொன்னது அதுவே முதல் முறை. சொல்லிப் பார்க்காத பெயர், ஆனாலும் நாவில் இடறவில்லை.

பேனா எழுதியது. எழுதிக்கொண்டிருக்கும்போதே ஆமோசின் முகம் மாறிக்கொண்டு வந்தது. “வயசு?”

“பதினொரு நாள்.”

அவர் மூன்றாம் கேள்வியைக் கேட்கவில்லை. கேட்க வேண்டியது என்ன என்று அவருக்குத் தெரியும், அங்கே நின்ற எல்லாருக்கும் தெரியும். பேனா தாளின் மேல் அப்படியே நின்றது. எலியேசர் குனிந்து கதவடியிலிருந்த கல்லை இரண்டு கையாலும் எடுத்தார். முட்டுப் போன கதவு காற்றில் ஒருமுறை அடித்துக்கொண்டது.

“குழியை நீங்களே வெட்டி வைத்திருக்கிறீர்கள்” என்றாள் ஞானவடிவு. “ரிப்பனை மட்டும் அவிழ்த்துவிடுங்கள்.”